வெளிச்சத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்: ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் இருந்து அக்டோபரில் வீடு திரும்புவது எப்படி

நம் ஊரில் தூரப் பயணம் என்றால் ஒரே விதிதான். மூன்றரைக்கு எழுந்து குளித்து, நாலரைக்கெல்லாம் வண்டியை எடுத்துவிட வேண்டும். ரோடு காலியாக இருக்கும், வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் தாண்டிவிடலாம். திருச்சியில் இருந்து கொடைக்கானல் போனாலும் சரி, திருப்பதி போனாலும் சரி, அப்பா அப்படித்தான் கிளப்புவார்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் இந்த விதி செல்லாது. அங்கே ரோடு எந்நேரமும் காலிதான். இருட்டில் அந்தக் காலி ரோட்டில் வந்து நிற்பது மான்கள்.

எனக்கு இது தெரியாது. முதல் முறை போனபோது நான் செய்தது வேறு தப்பு. கடைசி நாளாச்சே என்று காலையில் கடற்கரைக்கு ஒரு நடை, அப்புறம் சூப், அப்புறம் ஒரு தூக்கம் என்று இழுத்து, பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினேன். கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்த வாரம் அது. நாலரைக்குச் சூரியன் போய்விட்டது. மழை. கிளாஸ்கார்னக் ஏரிக்கரையில் ஒரு வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் கொம்பும் குளம்புமாக ஒரு கலைமான். வண்டி அதற்கு நாலைந்து அடி முன்னால் நின்றது. மான் எங்களைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. மான்செஸ்டரில் வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி இரவு இரண்டரை. அதற்குப் பிறகு நான்கு முறை போய் வந்துவிட்டேன். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து, பிள்ளைகளின் அக்டோபர் அரைப்பருவ விடுமுறைக்கு முதல் முறையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். போகும் வழி பற்றி எல்லாரும் சொல்வார்கள். திரும்பி வரும் வழி பற்றி யாரும் சொல்வதில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அசின்ட் பகுதி. லாக்கின்வர் என்ற சிறு துறைமுக ஊருக்கு வடக்கே, பி869 என்ற ஒற்றையடி ரோட்டில், கடலோரத்தில் ஒரு வாடகை வீடு. அங்கிருந்து மான்செஸ்டர் 450 மைலுக்கு மேல், அதாவது 720 கிலோமீட்டருக்குக் குறையாது. நீங்கள் டொரிடனிலோ ஸ்கை தீவிலோ தங்கினாலும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் சூரியனைக் கேளுங்கள்

மொத்தத் திட்டமும் ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. முதல் 200 மைல் பகல் வெளிச்சத்தில் முடிய வேண்டும். மீதி மோட்டார்வேயை இருட்டில் ஓட்டலாம், பரவாயில்லை. அங்கே வேலி உண்டு, மூன்று தடங்கள் உண்டு, எதிரே வண்டி வராது.

அக்டோபர் நான்காவது வாரத்தில், வழியில் வரும் நகரமான இன்வர்னஸ் பக்கம் சூரியன் காலை 8.10 வாக்கில் எழுந்து மாலை 5.40-க்கு மறையும். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு, பிரிட்டன் முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அன்றில் இருந்தே உதயம் 7.15, அஸ்தமனம் 4.30 வாக்கில். இங்கிலாந்துப் பள்ளிகளின் அரைப்பருவ விடுமுறை பெரும்பாலும் இந்த ஞாயிறை ஒட்டித்தான் வரும். ஆகவே போகும்போது ஒரு கடிகாரம், திரும்பும்போது வேறு கடிகாரம் என்று ஆகக்கூடும். புக் செய்யும்போதே திரும்பும் தேதிக்கான உதய, அஸ்தமன நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். (ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு அக்டோபர் நடுவிலேயே விடுமுறை வந்துவிடும். ஒரு காலத்தில் பிள்ளைகள் உருளைக்கிழங்கு பொறுக்கப் போவதற்காக விட்ட லீவு அது. இன்றும் ‘டாட்டி ஹாலிடேஸ்’ என்கிறார்கள், டாட்டி என்றால் உருளைக்கிழங்கு.)

கணக்கு இப்படி. காலை 8.30-க்குக் கிளம்பினால் அல்லபூல் 10 மணி, இன்வர்னஸ் 12, பெர்த் 3 மணி சுமார், கிளாஸ்கோவைத் தாண்டும்போது நாலரை. இங்கிலாந்து எல்லையான கிரெட்னாவுக்கு வரும்போது இருட்டியிருக்கும், ஆனால் நீங்கள் மோட்டார்வேயில் இருப்பீர்கள். வீடு எட்டரை, ஒன்பது. கடிகாரம் மாறிய பிறகு என்றால் ஏழரைக்கே கிளம்புங்கள், வெளிச்சம் அப்போதே வந்திருக்கும்.

இன்னொன்று. முடிந்தால் சனிக்கிழமை திரும்புங்கள். ஞாயிறு முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு வந்து சேர்ந்து திங்கள் காலை பள்ளிக்கு அனுப்புவது உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. இந்த வீடுகளைக் காலை 10 மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதில் இருந்து பத்தரை என்று என் மாமியார் போனில் எச்சரிப்பார். எட்டரைக்குக் கிளம்பினால் வீட்டுக்காரருக்கும் நிம்மதி, மாமியாருக்கும் நிம்மதி.

இரண்டு நாள் முன்னால்: வானிலை, டயர், பெட்ரோல்

மெட் ஆபீஸ் தரும் எச்சரிக்கையில் மூன்று நிறங்கள்: மஞ்சள், ஆம்பர், சிவப்பு. மஞ்சள் என்றால் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள், அவ்வளவுதான். அக்டோபரில் அங்கே மஞ்சள் சாதாரணம். ஆம்பர் என்றால் முந்தைய நாளே வெளியேறி இன்வர்னஸுக்குத் தெற்கே ஓர் இரவு தங்கலாம், அல்லது வீட்டுக்காரரிடம் இன்னொரு நாள் கேட்கலாம். அடுத்த குடும்பம் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சிவப்பு என்றால் வண்டியைத் தொடாதீர்கள். 2023 அக்டோபரில் பேபெட் புயல் வந்தபோது கிழக்கு ஸ்காட்லாந்துக்குச் சிவப்பு மழை எச்சரிக்கை விட்டார்கள். பிரெக்கின் ஊரில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது, ரோடும் ரயிலும் நின்றன. நம் ஊர்ப் புயல் பார்த்தவர்களுக்கு இங்குள்ள காற்று சும்மா என்று தோன்றும். பழகிய ரோட்டில் அப்படி நினைத்தால் சரி, மலைக் கணவாயில் அல்ல. ரோடு மூடியிருக்கிறதா என்று பார்க்க டிராஃபிக் ஸ்காட்லாந்து இணையதளம் போதும்.

டயரைப் பாருங்கள். ஒற்றையடி ரோட்டின் ஓரங்கள் உடைந்து கிடக்கும். ஒரு வாரம் அதில் இறங்கி ஏறிய டயரின் பக்கவாட்டில் வெட்டு விழுந்திருக்கலாம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும், ஆனால் மழையில் அது பத்தாது. இப்போது வரும் பல கார்களில் ஸ்டெப்னி கிடையாது, ஒரு பசை பாட்டிலும் காற்றடிக்கும் பம்பும்தான் இருக்கும். உங்கள் டிக்கியைத் திறந்து எது இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். ரிப்பேர் உதவிக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால், வண்டியை வீடு வரைக்கும் தூக்கி வருவார்களா, பக்கத்து மெக்கானிக் ஷெட் வரைக்கும் மட்டுமா என்பதையும் படித்துவிடுங்கள். என் நண்பர் ஒருவருக்கு இரண்டாவது வகை. ‘பக்கத்து ஷெட்’ அறுபது மைல் தள்ளி இருந்தது, சனிக்கிழமை மதியமே பூட்டிவிட்டார்கள்.

பெட்ரோலைக் கிளம்பும் நாளுக்கு வைக்காதீர்கள், முந்தைய நாளே நிரப்புங்கள். சின்ன ஊர் பம்புகள் மாலையில் சீக்கிரம் மூடும், ஞாயிறு திறக்காமலும் இருக்கும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் வீட்டு மூன்று முனைப் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் இழுத்துச் செருகும் முன் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். பழைய வயரிங், தனி வீடு, தீயணைப்பு வண்டி வர நேரமாகும்.

போனில் வரைபடத்தை இறக்கி வையுங்கள். சிக்னல் பல மைலுக்கு இருக்காது. அதோடு இன்னொரு காரியம்: ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதில் வரும், அதில் சொன்னபடி செய்தால் அவசர எஸ்எம்எஸ் சேவையில் உங்கள் எண் பதிவாகிவிடும். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் ஒரு செய்தி மட்டும் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு. இரண்டு நிமிட வேலை, இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்தபடி செய்யலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நினைவூட்டல். இந்திய, இலங்கை லைசென்ஸ் இந்த நாட்டில் குடியேறிய நாளில் இருந்து 12 மாதம் வரைக்கும்தான் செல்லும். விடுமுறைக்குப் போகும்போது செல்லும் லைசென்ஸ் திரும்பும்போது காலாவதி ஆகிவிடக் கூடாது.

முந்தைய மாலை: வீட்டை ஒப்படைப்பது

நம் சமையலை அந்த வீடு தாங்க வேண்டும், நாம் போன பிறகும். ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, தோட்டத்தில் செப்டிக் டேங்க் இருக்கும். அப்பளம் பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றினால் அது குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறிய எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள்களும் டாய்லெட்டுக்குள் போகக் கூடாது. கறிவேப்பிலை தாளிப்பு வாசம் திரைச்சீலையில் ஏறியிருக்கும், நமக்குத் தெரியாது, அடுத்து வருபவருக்குத் தெரியும். கடைசி நாள் காலையில் அரை மணி நேரம் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

விறகடுப்பு இருந்தால் கடைசி இரவு நெருப்பைச் சீக்கிரம் அணைய விடுங்கள். சாம்பல் ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே கங்கு மறுநாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். அதை இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் தொட்டி எரியும். மிச்சச் சோற்றைப் பையில் கட்டி வெளியே வைக்காதீர்கள். இரவில் பைன் மார்ட்டன் என்ற மரநாய் மாதிரி ஒரு பிராணி வந்து கிழித்துப் பரப்பிவிட்டுப் போய்விடும். எங்களுக்கு நடந்தது. விடியற்காலையில் டார்ச் வைத்துக்கொண்டு புல்வெளியில் சாம்பார்க் காய் பொறுக்கினேன்.

கடைசி இரவு விஸ்கி. வேண்டாம் என்று சொல்ல நான் யார், ஆனால் ஒரு கணக்கு. ஸ்காட்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு 2014 டிசம்பரில் இருந்து 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் அது 80. மான்செஸ்டரில் தப்பிக்கும் அளவு லாக்கின்வரில் தப்பிக்காது. நள்ளிரவு வரைக்கும் குடித்திருந்தால் காலை எட்டரைக்கு ரத்தத்தில் மிச்சம் இருக்கும்.

கட்டுச்சோற்றையும் இரவே தயார் செய்யுங்கள். புளியோதரை நாள் முழுக்கத் தாங்கும், காரில் சிந்தினாலும் தொல்லை குறைவு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இரண்டாவது தேர்வு. தயிர் சாதத்தை வளைவு ரோட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், காரணம் கேட்காதீர்கள். ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், இஞ்சி மரப்பா, இரண்டு மூன்று காலிப் பைகள். பிள்ளைகளை வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், நிறைந்த வயிற்றோடும் ஏற்றாதீர்கள். ஒரு துண்டு ரொட்டியோ வாழைப்பழமோ சரி.

டிக்கியை அடுக்கும்போது கம்பளி, ரெயின்கோட், டார்ச், தண்ணீர் இவற்றை மேலே வையுங்கள். வழியில் வண்டி நின்றால் பெட்டிகளை மழையில் இறக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஒற்றையடி ரோடு

வீட்டில் இருந்து லாக்கின்வர் வரைக்குமான ஐந்தாறு மைல்தான் முழுப் பயணத்திலும் கவனம் அதிகம் கேட்கும் பகுதி. ரோடு ஒரு கார் அகலம். எதிரும் புதிருமாக வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு இடையிடையே அகலப்படுத்தி, வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள். இதை ‘பாஸிங் பிளேஸ்’ என்பார்கள்.

எதிரே வண்டி வருகிறது. ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே வெட்டி அதற்குள் நுழையாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே, அதற்கு நேர் எதிரே நில்லுங்கள், எதிர் வண்டி அதற்குள் வளைந்து போய்க்கொள்ளும். புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். மேடேறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் அவர் உங்களை மிரட்டவில்லை, வேலைக்குப் போகிறார். ஒதுங்கி விடுங்கள். படம் எடுக்க அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக் கூடாது, அது பார்க்கிங் அல்ல. ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி ஒரு நன்றி. ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கினாலும் போதும், அங்கே அதுவே முழு உரையாடல். ஹார்ன் அடிக்காதீர்கள். நாம் ‘வர்றேன்’ என்று சொல்ல அடிப்போம், அவர்கள் காதில் அது திட்டு.

ரிவர்ஸ் எடுக்கப் பயப்படுபவர் அன்று காலை ஸ்டியரிங்கில் உட்கார வேண்டாம். வேறு யாராவது லாக்கின்வர் வரை ஓட்டட்டும்.

லாக்கின்வரில் இருந்து அல்லபூல் போகப் போன் சில சமயம் கடலோரமாகத் தெற்கே போகும் சின்ன ரோட்டைக் காட்டும். தூரம் குறைவு போலத் தெரியும். உள்ளூரில் அதற்குப் பைத்தியக்கார ரோடு என்று செல்லப்பெயர், தகுதியான பெயர். விடுமுறையின் நடுவில், பகலில், அவசரமில்லாமல் அதில் போய் வாருங்கள், அழகு கொட்டிக்கிடக்கிறது. வீடு திரும்பும் நாளில் ஏ837-ஐப் பிடித்து, அசின்ட் ஏரிக்கரை வழியாகப் போய் லெட்மோர் சந்திப்பில் ஏ835-இல் சேருங்கள். ஏறத்தாழ 36 மைல், ஒரு மணி நேரம்.

மான்

செம்மான்கள் இணைசேரும் பருவம் செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபர் முடிய. ஆண் மான்கள் இரவெல்லாம் பிளிறும். முதல் முறை கேட்பவர்கள் பக்கத்து வீட்டு மாடு என்றே நினைப்பார்கள். இந்தக் காலத்தில் அவற்றுக்கு ரோடு என்ற நினைப்பே கிடையாது. விடியலும் அந்தியும்தான் அவை மலையில் இருந்து தாழ்வான புல்வெளிக்கு இறங்கும் நேரம். விடியும் முன் கிளம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு மான் தெரிந்தால் இரண்டாவது மானை எதிர்பாருங்கள். முதல் மான் தாண்டிவிட்டது என்று ஆக்சிலரேட்டரை மிதித்தவர்கள்தான் அடுத்ததில் மோதுகிறார்கள். ஹைபீம் போட்டிருந்தால் டிம் செய்யுங்கள், பிரகாசத்தில் அது திகைத்து அப்படியே நின்றுவிடும். தவிர்ப்பதற்காக ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடிக்காதீர்கள், எதிர் வண்டியிலோ ஏரியிலோ போய் முடியும். பிரேக், நேர்க்கோடு. நின்றால் ஹசார்ட் விளக்கு.

மோதிவிட்டால்? முதலில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். அடிபட்ட மானின் பக்கத்தில் போகாதீர்கள், உதைக்கும். ரோட்டை மறித்துக் கிடந்தால் 999, இல்லையென்றால் போலீஸின் 101. சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி செம்மறி, வெள்ளாடு, மாடு, பன்றி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, நாய் இவற்றில் மோதினால் கட்டாயம் நிற்க வேண்டும், உரியவருக்கோ போலீஸுக்கோ தெரிவிக்க வேண்டும். மான் அந்தப் பட்டியலில் இல்லை, பூனையும் இல்லை. உடைமையாளர் என்று யாரும் இல்லாததால் மானுக்கு அந்தக் கதி. சட்டம் கேட்காவிட்டாலும் தகவல் சொல்லுங்கள், அடுத்த வண்டி அதில் போய் மோதாமல் இருக்கும்.

செம்மறிகள் வேறு ரகம். அவை ஓடாது. வேலியில்லாத ரோட்டின் நடுவில் படுத்து அசைபோடும். வண்டியை மெதுவாக அருகில் கொண்டுபோய்ப் பொறுமையாக நின்றால், யோசித்து எழுந்து போகும்.

அல்லபூல் முதல் இன்வர்னஸ் வரை

அல்லபூலில் பெட்ரோல் பம்பு, சூப்பர் மார்க்கெட், டாய்லெட் எல்லாம் உண்டு. லூயிஸ் தீவுக்குக் கப்பல் கிளம்பும் ஊர் இது. 1788-இல் ஹெர்ரிங் மீன் பிடிப்பதற்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பதால் தெருக்கள் செட்டிநாட்டு ஊர் மாதிரி நேர் நேராக இருக்கும். கப்பல் வந்து இறங்கிய நேரமாக இருந்தால் அத்தனை வண்டிகளும் ஒரே ரோட்டில் இன்வர்னஸ் நோக்கிக் கிளம்பும். அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம்.

பன்னிரண்டு மைல் தள்ளி காரிஷாலக் பள்ளத்தாக்கு. 46 மீட்டர் அருவி, அதன்மேல் 1874-இல் ஜான் ஃபௌலர் கட்டிய தொங்கு பாலம். ஃபோர்த் ரயில் பாலத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் அவர். 2023-இல் வரவேற்பு மையமும் கழிப்பறையும் திறந்தார்கள். பிள்ளைகளை ஓட விட்டு ஏற்ற இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அதற்கப்புறம் ரோடு ஏறி, மரமில்லாத வெட்டவெளியில் கிளாஸ்கார்னக் ஏரிக்கரையோடு போகும். பக்கக் காற்று வண்டியைத் தள்ளும், கூரையில் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் அதிகமாக. ஓரத்தில் இரும்பு கேட்டுகள் இருப்பதைப் பார்ப்பீர்கள். பனி கொட்டினால் ரோட்டையே பூட்டுவதற்கு. அக்டோபரில் அது அபூர்வம். கார்வ் ஊரைத் தாண்டினால் மரங்கள் வந்துவிடும், இலைகள் மஞ்சளும் தாமிரமுமாக இருக்கும், ரோடு அகலமாகும். 1982-இல் திறந்த கெசாக் பாலத்தைக் கடந்தால் இன்வர்னஸ். மோசமான பாதி முடிந்தது, ஓட்டுபவரை மாற்றுங்கள்.

ஏ9

இன்வர்னஸில் இருந்து பெர்த் வரை சுமார் 110 மைல். மான் இல்லாத இடத்தில் மனிதர்களே ஆபத்து என்பதை இந்த ரோடு காட்டும். சில மைல் இரட்டைச் சாலை, சில மைல் எதிரெதிர் வண்டி வரும் ஒற்றைச் சாலை என்று மாறி மாறி வரும். முழுக்க இரட்டைச் சாலை ஆக்குவோம் என்று 2011-இல் அரசு அறிவித்தது, கெடு 2025. இப்போது 2035 என்கிறார்கள். (நம் ஊர் மேம்பாலங்கள் கண்முன் வந்தால் நான் பொறுப்பல்ல.) இரட்டைச் சாலை முடிந்தது தெரியாமல் வலத் தடத்திலேயே போய் எதிர் வண்டியோடு முட்டிக்கொள்ளும் விபத்துகள் உண்டு. ‘இரட்டைச் சாலை இன்னும் இத்தனை மைலில்’ என்று பலகை வரும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அந்தப் பலகை வரைக்கும் பொறுங்கள். முந்துவதில் ஐந்து நிமிடம் கூட மிச்சமாகாது. காருக்கு ஒற்றைச் சாலையில் 60 மைல், இரட்டையில் 70. 2014-இல் இருந்து சராசரி வேகக் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள், மஞ்சள் கம்பம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே எடுத்த நேரத்தை வைத்துக் கணக்குப் போடும், கேமராவைப் பார்த்ததும் மட்டும் பிரேக் அடிப்பது பலிக்காது.

டிரமாக்டர் கணவாய் 460 மீட்டர் உயரம். கீழே மழை என்றால் அங்கே ஆலங்கட்டி. மதியச் சாப்பாட்டை அதற்கு முன்பே, ஏவிமோர் பக்கத்தில் முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிட ஓய்வு என்பது நெடுஞ்சாலை விதிநூலே சொல்லும் கணக்கு. டீ குடித்தால் தூக்கம் போய்விடும் என்பது பொய், டீ குடித்துவிட்டுக் கால்மணி நேரம் கண்ணை மூடினால் உண்மை.

பெர்த்தில் ஒரு முடிவு எடுங்கள். மணி நாலைத் தாண்டி, பிள்ளைகள் அழுது, ஒரே ஆள் ஓட்டுகிறார் என்றால் அங்கேயோ ஸ்டெர்லிங்கிலோ தங்கிவிடுங்கள். ஒரு ரூமுக்கு ஆகும் செலவு கசக்கும். நான் ஒரு முறை அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் போய், எம்6-இல் கண் சொருகி, ஓரத்து ரம்பிள் கோட்டில் ஏறிய சத்தத்தில் விழித்தேன். பின் சீட்டில் மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இன்று வரை தெரியாது.

மோட்டார்வே

எம்74, கிரெட்னா, எம்6. இதில் சொல்ல அதிகமில்லை. எல்லையைத் தாண்டிய பின் ஷாப் மேட்டில் மூடுபனி இருக்கலாம். டீபேயில் ஓய்விடம் இருபக்கமும் உண்டு, ஒரு குடும்பம் 1972-இல் இருந்து நடத்துவது, சாப்பாடு மற்ற ஓய்விடங்களைவிட நன்றாக இருக்கும், விலையும் அப்படியே. உங்கள் புளியோதரை மிச்சம் இருந்தால் அங்கே காரில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

காரில்லாமல் திரும்புபவர்கள்

அசின்டில் இருந்து பஸ்கள் குறைவு, ஞாயிறுகளில் பஸ்ஸை நம்பித் திட்டம் போடவே வேண்டாம். இன்வர்னஸ் வந்துவிட்டால் ரயில் உண்டு. லண்டன் யூஸ்டனுக்கு இரவு ரயிலும் உண்டு, ஆனால் சனிக்கிழமை இரவு அது ஓடாது. வீடு காலி செய்யும் நாள் சனிக்கிழமையாகவே இருப்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். தீவுகளில் இருந்து வருபவர்கள் அன்றைய கடைசிக் கப்பலைப் புக் செய்யக் கூடாது. காற்று அடித்தால் ரத்து, ரத்தானால் அடுத்தது நாளைக்கு. லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் இருந்து அல்லபூலுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் என்பதே 2009-இல்தான் வந்தது, அதுவும் ஞாயிறு ஓய்வு நாள் என்ற உள்ளூர் எதிர்ப்புக்கு நடுவே. கப்பல் கிளம்பும் நாளுக்கும் நீங்கள் ஆபீஸில் இருக்க வேண்டிய நாளுக்கும் இடையே ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள்.

வீடு சேர்ந்த இரவும் மறுநாளும்

ஈரத் துணிகளை அன்றிரவே பையில் இருந்து வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் காலையில். தூங்கும் பிள்ளையை அப்படியே படுக்கையில் போடத் தோன்றும். போடுங்கள், ஆனால் மறுநாள் குளிக்கும்போது உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பெரணிப் புதரில் நடந்தவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம். எள் அளவு கறுப்புப் புள்ளி, அசையாது. உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக் கடையில் கிடைக்கும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள், எண்ணெயோ தீக்குச்சியோ வைக்காதீர்கள். தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஒன்றில் இருந்து நான்கு வாரத்துக்குள், கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் அது லைம் நோயாக இருக்கலாம். டாக்டரிடம் ‘ஹைலண்ட்ஸ் போய் வந்தோம், இந்தத் தேதியில் உண்ணி கடித்தது’ என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

வட்டம் நம் நிறத் தோலில் படங்களில் உள்ளது போலப் பளிச்சென்று சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, காயம்பட்டுக் கன்றியது மாதிரியோ இருக்கும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.